‘சும்மா தமாஷுக்குத்தானே சொன்னேன்!’

கேள்வி:

எனக்கு 48 வயது. திருச்சி உறையூரில் இருக்கிறேன். நாங்கள் ஐந்து பேர் பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பர்கள். ராத்திரி எட்டரை மணி ஆனால் ஒரே டீக்கடை, ஒரே பெஞ்சு. இருபது வருஷமாக இப்படித்தான். எம்.எஸ்.வி.யா இளையராஜாவா என்று ஆரம்பித்தால் கடைக்காரர் ஷட்டரை இழுக்கும்வரை நிற்காது. தோனி, தேர்தல், யார் வீட்டு மீன்குழம்பு ருசி என்று எல்லாவற்றுக்கும் சண்டை. ஒருத்தனை ஒருத்தன் ஓட்டாத நாளே கிடையாது. என் தொப்பையும் வழுக்கையும் தினமும் அடிபடும்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அரசாங்கக் கடன் பற்றிப் பேச்சு வந்து சூடாகிவிட்டது. என் நெருங்கிய நண்பன், “கணக்கு தெரியாம பேசாதடா” என்றான். நான், “கணக்கு தெரிஞ்சவன்தான் மச்சினன் காசுல கடையை மீட்டியாக்கும்” என்று சொல்லிவிட்டேன். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் கிளாஸைக் கீழே வைத்தான், வண்டியை எடுத்தான், போய்விட்டான். அதன் பிறகு பெஞ்சுக்கு வரவே இல்லை. மச்சினன் பணம் கொடுத்த விஷயத்தை அவன் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். போன் செய்தால் எடுப்பதில்லை. “தமாஷுக்குச் சொன்னதுடா” என்று மெசேஜ் போட்டேன். படித்துவிட்டான், பதில் இல்லை.

அவனும்தான் என்னை எவ்வளவோ ஓட்டியிருக்கிறான், இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கோபம்? எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் சரியாகுமா? இனி பெஞ்சில் அரசியலே கூடாது, நக்கலும் கூடாது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அப்படி விட்டுவிடுவதுதான் நல்லதா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அரசியல் கூடாது, நக்கல் கூடாது என்ற அந்த முடிவைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். இருபது வருஷம் கத்திக் கத்திச் சண்டை போட்டிருக்கிறீர்கள், ஒருவரும் எழுந்து போகவில்லை. இருபது வருஷம் ஒருவரை ஒருவர் ஓட்டியிருக்கிறீர்கள், அப்போதும் யாரும் போகவில்லை. இவை இரண்டும்தான் உங்கள் ஐந்து பேரையும் அந்த பெஞ்சில் உட்கார வைத்திருந்தன. நாற்பத்தெட்டு வயதில் ஒரு ஆண், தினமும் ஒரு மணி நேரம் பதவி, பொறுப்பு எதுவும் இல்லாமல் வாய்விட்டுச் சிரிக்கவும் குரலை உயர்த்தவும் ஒரு இடம் வைத்திருப்பது பெரிய விஷயம். என்னிடம் ஆலோசனைக்கு வரும் உங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது, இது உடைந்துவிடக் கூடாதே என்ற பதற்றம் எனக்கே வந்தது.

அன்று கெடுதல் செய்தது வாதமும் அல்ல, கேலியும் அல்ல. கேலியின் உரிமையை எடுத்து நீங்கள் வாதத்தில் ஜெயிக்கப் பயன்படுத்தியதுதான். அவன் உங்களை நம்பிச் சொன்ன விஷயத்தை வைத்து அதைச் செய்தீர்கள்.

கேலி செய்வதற்கு நம் ஊரில் முறை உண்டு, உங்களுக்குத் தெரியாததல்ல. மாமன் மகனை, மச்சினனை, கொழுந்தனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை மைத்துனிகள் படுத்தும் பாட்டுக்கு அளவே இருக்காது. அவர் கோபித்துக்கொண்டால் அவருக்குத்தான் அசிங்கம். ராட்கிளிஃப்-பிரவுன் என்ற மானிடவியலாளர் 1940-இல் இப்படிப்பட்ட உறவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் கேலி செய்ய அனுமதி உண்டு, சில சமயம் கேலி செய்தே ஆகவேண்டும், மற்றவர் கோபப்படக் கூடாது என்பதுதான் அந்த உறவின் விதி என்றார். உலகின் பல சமூகங்களில் இது இருக்கிறது. ஆனால் நம் கல்யாண வீட்டை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் மீசையைக் கேலி செய்வார்கள், நடையைச் செய்வார்கள், ஊரைச் செய்வார்கள். அவர் வேலை போய் ஆறு மாதம் வீட்டில் இருந்ததை எந்த மைத்துனியும் பந்தியில் எடுக்கமாட்டாள். எது எல்லை என்று யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். நண்பர்களுக்குள் ‘மாப்ள’ ‘மச்சான்’ என்று கூப்பிட்டுக்கொள்கிறோமே, அந்த உரிமையோடு சேர்ந்து அந்த எல்லையும்தான் வருகிறது.

அப்புறம், கேலிக்கு ஓர் அடையாளம் வேண்டும். கிரிகோரி பேட்சன் என்ற அறிஞர் 1952-இல் சான் பிரான்சிஸ்கோ மிருகக்காட்சி சாலையில் குரங்குகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை ஒன்று கடிக்கின்றன, அடிக்கின்றன, சண்டையைப் போலவே இருக்கிறது, ஆனால் அது சண்டை இல்லை என்பது இரண்டுக்கும் தெரிகிறது. ‘இது விளையாட்டு’ என்ற செய்தியை அவை எப்படியோ பரிமாறிக்கொள்கின்றன என்பதுதான் அவருக்கு ஆச்சரியம். பின்னாளில் மார்க் பெக்காஃப் என்ற விலங்கியலாளர் நாய்களை வைத்து இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். தெருவில் குட்டிகள் விளையாடும்போது முன்னங்காலை நீட்டி, தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி நிற்கும், பார்த்திருப்பீர்கள். விளையாட்டுக்கு அழைக்கும் சைகை அது. 1995-இல் வந்த அவருடைய ஆய்வின்படி, நாய்கள் விளையாட்டின் தொடக்கத்தில் மட்டும் அப்படிச் செய்வதில்லை. நிஜச் சண்டை என்று தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்புள்ள கடிக்கு, அதாவது கவ்விப் பிடித்துத் தலையை உதறும் பலமான கடிக்கு, சற்று முன்போ பின்போ அந்தச் சைகையை மறுபடி காட்டுகின்றன. கடி எவ்வளவு பலமோ அந்த அளவுக்கு, ‘இது விளையாட்டுதான்’ என்று சொல்லவேண்டிய அவசியமும் கூடுகிறது.

மனிதர்களுக்கும் அதேதான். உங்கள் தொப்பையைப் பற்றி அவன் சொல்லும்போது கண்ணில் சிரிப்பு இருக்கும், குரலை ஒரு மாதிரி இழுப்பான், உங்கள் தோளில் ஒரு தட்டு தட்டுவான். அன்று அரசாங்கக் கடன் பற்றிய சண்டையில் நீங்கள் இருவரும் ஏற்கெனவே நிஜக் கோபத்தில் இருந்தீர்கள். அவன் “கணக்கு தெரியாம பேசாதடா” என்றது உங்களைச் சுட்டது. அதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். திருப்பி அடிக்கக் கையில் கிடைத்ததை எடுத்தீர்கள். அந்த வார்த்தைகளைச் சொன்னபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். அதனால்தான் பிறகு அனுப்பிய “தமாஷுக்குச் சொன்னதுடா” அவனிடம் எடுபடவில்லை.

இதைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. ஜஸ்டின் க்ரூகரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2006-இல் வெளியிட்டது. கேலி செய்தவர்களையும் கேலிக்கு ஆளானவர்களையும் அதே சம்பவத்தைப் பற்றித் தனித்தனியே கேட்டார்கள். கேலி செய்தவருக்குத் தன் நல்ல எண்ணம் உள்ளிருந்தே தெரிவதால், எதிராளிக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார். எதிராளிக்குக் கிடைப்பது வார்த்தை மட்டும்தான். உங்களுக்குள் இருந்த இருபது வருஷப் பிரியம் அந்த நிமிஷத்தில் அவனுக்கு எட்டவில்லை. பெஞ்சில் எழுந்த மூன்று பேரின் சிரிப்புதான் எட்டியது.

‘அவனும்தான் என்னை ஓட்டியிருக்கிறான்’ என்கிறீர்கள். சரி, கணக்குப் பார்ப்போம். உங்கள் தொப்பை ஊருக்கே தெரிவது. அதைச் சொன்னால் புதிதாக யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை, உங்கள் மரியாதையும் குறையப்போவதில்லை. அவன் மச்சினனிடம் பணம் வாங்கியது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். நம் பக்கத்தில் ஒரு ஆண், மனைவியின் கூடப்பிறந்தவனிடம் கைநீட்டி வாங்கிக் கடையை மீட்கிறான் என்றால், அதற்கு முன் எத்தனை கதவுகளைத் தட்டியிருப்பான், எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருப்பான்! வீட்டில் ஒரு சின்னப் பேச்சு வந்தால்கூட ‘எங்கண்ணன் இல்லைன்னா’ என்று வந்துவிடுமோ என்ற பயத்தோடு வாழ்ந்திருப்பான். அந்த பாரத்தை இறக்கிவைக்க உங்களைத் தேர்ந்தெடுத்தான். மற்ற மூன்று பேரையும் விட உங்களை நம்பினான். கோபம் இவ்வளவு இருப்பதற்குக் காரணம் இதுதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் அவன் திருப்பி நாலு வார்த்தை திட்டிவிட்டு மறுநாள் வந்திருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். யார் யாரை ஓட்டுகிறார்கள் என்பதில் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதும் கலந்திருக்கிறது. டாக்கர் கெல்ட்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர் சங்கம் ஒன்றின் உறுப்பினர்களை நாலு நாலு பேராக உட்காரவைத்து, ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். 1998-இல் வெளிவந்த ஆய்வு. சங்கத்தில் செல்வாக்குள்ளவர்களின் கேலி நேரடியாகவும் குத்தலாகவும் இருந்தது. புதிதாக வந்தவர்களின் கேலி மென்மையாக இருந்தது, அதுவும் மேலே இருப்பவர்களைக் கேலி செய்யும்போது. உங்கள் ஐந்து பேருக்குள் மேல் கீழ் கிடையாது என்று சொல்வீர்கள். பள்ளிக்கூடத்தில் கிடையாதுதான். ஆனால் ஒருவனுக்கு வியாபாரம் சரிந்த பிறகு, யாரும் மாற்றாமலே அவன் இடம் மாறிவிடுகிறது. முன்பு சரிக்குச் சரியாகத் தெரிந்த அதே நக்கல் இப்போது மேலிருந்து விழுகிற மாதிரி அவனுக்குப் படுகிறது. கடந்த ஒரு வருஷத்தில் அவன் உங்களை ஓட்டுவது குறைந்திருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். குறைந்திருந்தால், அவன் முன்பே உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான் என்று அர்த்தம்.

வாதம் எவ்வளவு சூடானாலும் நட்பு பிழைக்கும் என்பதற்கு நம் மாநில வரலாற்றிலேயே ஆள் இருக்கிறார்கள். ராஜாஜியும் பெரியாரும் மோதிக்கொண்ட அளவுக்கு உங்கள் பெஞ்சில் யாரும் மோதியிருக்க முடியாது. ராஜாஜி ஆட்சியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகப் பெரியார் சிறைக்குப் போனார். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் மாநிலம் முழுக்க எதிர்த்தார். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். இதற்கு நடுவில்தான் 1949-இல் திருவண்ணாமலையில் இருவரும் தனியே சந்தித்துப் பேசினார்கள். பெரியாரின் திருமணத்தையொட்டி அவர் இயக்கமே பிளவுபட்ட வருஷம் அது. கல்வித் திட்டச் சண்டை உச்சத்தில் இருந்தபோது ராஜாஜி அந்தத் தனிப்பேச்சை மேடைக்கு இழுத்து ஆயுதமாக்கவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து அழுதார். கொள்கையில் இருவருக்கும் இடையே இருந்த தூரம் பெரியது. தனியே பேசியதைத் தனியே வைத்திருக்கத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான்.

கோபத்தில் வாய் தவறுவதற்கு உடம்பும் ஒரு காரணம். சியாட்டிலில் தம்பதிகளின் சண்டைகளைப் பல வருஷம் பதிவு செய்த ஜான் காட்மன், நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வதே சரியாகக் காதில் ஏறாது என்கிறார். அந்த நிலையிலிருந்து உடம்பு இறங்க 20 நிமிஷமாவது ஆகும், அதுவும் அந்தச் சண்டையையே மனதில் ஓட்டிக்கொண்டு இருக்காவிட்டால். கணவன் மனைவிக்குச் சொன்னது நண்பர்களுக்கும் பொருந்தும். குரல் ஏறி, காது சூடாகிறது என்று தெரிந்தால் எழுந்து நில்லுங்கள். ஒரு நடை தெருமுனை வரை போய்விட்டு வாருங்கள். அந்த நேரத்தில் நக்கல் அடிப்பதை மட்டும் நிறுத்திவையுங்கள். பெஞ்சுக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டுமென்றால் இதுதான் போதும்: சண்டை நிஜமாகிவிட்டால் கேலிக்கு விடுமுறை. அரசியலைப் பேசுங்கள், நன்றாகவே பேசுங்கள்.

இனி மன்னிப்பு. எல்லார் முன்னாலும் வேண்டாம். பெஞ்சில் அவனை உட்காரவைத்து நீங்கள் மன்னிப்புக் கேட்டால், மச்சினன் விவகாரத்தை இரண்டாவது தடவை எல்லாரும் கேட்பார்கள். அவன் தலையைக் குனிந்து உட்கார்ந்து, ‘பரவாயில்லைடா’ என்று சொல்லியே ஆகவேண்டும். அது அவனுக்கு இன்னொரு தண்டனை. அவன் வீட்டுக்கும் போகாதீர்கள். பணம் வாங்கியதை அவன் உங்களிடம் சொன்னதே அவன் மனைவிக்குத் தெரியாமல் இருக்கலாம். டீக்கடையில் அது அம்பலமானது தெரிந்தால் அவர் அண்ணன் காதுக்கும் போகும். கடைக்குப் போனால் மச்சினனே அங்கே இருக்கக்கூடும். கடை சாத்தும் நேரத்தில், அவன் தனியாக வண்டியை எடுக்கும்போது போய் நில்லுங்கள்.

என்ன சொல்வது? சுருக்கமாக, செய்ததைச் செய்ததாகச் சொல்லுங்கள். “நீ என்னை நம்பிச் சொன்னதை நான் எல்லார் முன்னாலயும் போட்டு உடைச்சிட்டேன். தமாஷ் இல்ல, உன்னை மடக்கணும்னுதான் சொன்னேன். தப்புடா.” இவ்வளவுதான். ‘உனக்கு வருத்தமா இருந்தா’ என்று ஆரம்பிக்காதீர்கள், வருத்தம் அவன் குறை என்று ஆகிவிடும். ‘நீயும் கணக்கு தெரியாதுன்னு சொன்னியே’ என்று முடிக்காதீர்கள். அவன் திட்டினால் முழுக்கக் கேளுங்கள், இரண்டு மாதமாகச் சேர்ந்தது வெளியே வரட்டும். பேசாமல் போய்விட்டால் பின்னால் ஓடாதீர்கள். ‘நாளைக்கு பெஞ்சுக்கு வா’ என்று மட்டும் அன்றைக்குக் கேட்காதீர்கள். மன்னிப்பைக் கேட்ட கையோடு அதற்குக் கூலியையும் கேட்கிற மாதிரி இருக்கும்.

மற்ற மூன்று பேரிடமும் அவன் இல்லாதபோது பேசுங்கள். அவமானம் அவர்கள் காதில் விழுந்தது, அதனால் திருத்தமும் அவர்கள் காதில் விழவேண்டும். ‘நான் சொன்னது தப்பு, அந்தப் பேச்சை இனி நாம் யாரும் எடுக்கக் கூடாது, உங்கள் வீட்டிலும் சொல்லாதீர்கள்’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வீட்டில் சொல்லிவிட்டவர் இருந்தால் அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவன் வேறு யார் வழியாகவோ அறிந்துகொள்வதற்கு முன் நீங்களே அவனிடம் சொல்வது நல்லது. ‘அவன் ரொம்ப தொட்டாற்சிணுங்கி’ என்று அவர்களில் யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தச் சிரிப்பில் அவர்களுக்கும் பங்கு உண்டு, அதை மறைக்க எளிதாகக் கிடைக்கும் வழி அவனைக் குறை சொல்வது.

அவன் திரும்பி வந்தால் அவனைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்தாதீர்கள். எல்லாரும் திடீரென்று மரியாதையாகப் பேசினால் அவன் அடுத்த வாரமே நின்றுவிடுவான். பழைய வாதங்கள் நடக்கட்டும், நீங்கள் உங்கள் கட்சியை விட்டுக்கொடுக்க வேண்டாம். கேலி மட்டும் முதலில் அவனிடமிருந்து வரட்டும். அது வர எத்தனை நாள் ஆனாலும் காத்திருங்கள். அவனுடைய கடை, பணம், மாமனார் வீடு இந்த மூன்றும் இனி எப்போதும் உங்கள் வாயில் வேண்டாம், அவனே சிரித்துக்கொண்டு ஆரம்பித்தால்கூட.

கடைசியாக, இதை உளவியல் ஆலோசகராகவே சொல்கிறேன். வியாபாரத்தில் அடிபட்டு, உறவில் கடன்பட்டு, தினமும் போய்வந்த ஒரே இடத்தையும் இரண்டு மாதமாக விட்டுவிட்ட ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவன் ஒதுங்கியிருப்பதற்கு உங்கள் வார்த்தை மட்டுமே காரணம் என்று நானும் நீங்களும் முடிவு கட்டிவிடக் கூடாது. அவனைப் பார்க்கும்போது ஆள் இளைத்திருக்கிறானா, தூங்குகிறானா, குடி கூடியிருக்கிறதா, ‘நான் இருந்து என்ன’ என்பது போல எதுவும் பேசுகிறானா என்று கவனியுங்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் உங்கள் மன்னிப்பு விவகாரத்தை ஓரமாக வைத்துவிட்டு, நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம், தமிழக அரசின் 104 சேவையிலும் ஆலோசனை கிடைக்கும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அவனோடு நீங்களே கூடப் போகலாம். அவன் போனை எடுக்கட்டும் என்று இன்னும் காத்திருக்காமல், இந்த வாரமே போய்ப் பாருங்கள்.